அறுபதாவது மாப்

ஆஸ்பத்திரியில் மாப் என்றால் தரை துடைக்கிற துணி இல்லை. வலைத்துணியை நாலு மடிப்பாக மடித்துத் தைத்து, ஒரு முனையில் நாடா வைத்திருப்பார்கள். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது ரத்தத்தை ஒற்றி எடுக்கவும், குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் அதை உள்ளே வைப்பார்கள். நனைந்துவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று கணக்கு வைப்பது. ஒன்று உள்ளே தங்கிவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

புனேயில் கன்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த மாப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து, ஐந்தைந்தாகக் கட்டி, டிரம்மில் அடுக்கி ஆவியில் வேகவைக்கக் கொடுப்பதுதான் என் வேலை. எழுபதுகளில் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கட்கியில் ஃபாக்டரி வேலை. நான் ஊரில் ஐந்தாவது வரை படித்தவள். மராத்தி காதில் விழுந்தால் புரியும். பேச வேண்டும் என்றால் வார்த்தை வராது. தமிழிலும் அப்படித்தான், புது ஆளாக இருந்தால். அதனால் எனக்கு அந்த மாப் அறை பிடித்திருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறை. நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் பலகை. அதைத் தள்ளி பக்கெட்டை இந்தப் பக்கம் கொடுப்பார்கள். நான் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

அங்கே ஆயாக்களை எல்லோரும் மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவார்கள். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். பெரிய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவர் மராத்திக்காரர். கனத்த குரல். சேர்ந்து நாலு வருஷமாகியும் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வராந்தாவில் வந்தால் தூண் பக்கமாகத் திரும்பிக்கொள்வேன். அவரும் தூணைப் பார்த்து, "காய் மாவ்ஷி, பரி ஆஹேஸ் கா," நல்லா இருக்கியா, என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

வருஷா வருஷம் படிப்பை முடித்துவிட்டுச் சின்ன டாக்டர்கள் ஏழெட்டுப் பேர் பழக வருவார்கள். புது வெள்ளைக் கோட்டு, கழுத்தில் புதுக் குழாய். முதல் வாரம் பார்க்கப் பாவமாக இருக்கும். ஊசி போடப் போகும்போது நோயாளியைவிட அவர்கள் முகம்தான் வெளுத்திருக்கும். அப்படி வந்த ஒரு பிள்ளையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அது கோர்படி ரயில்வே காலனிப் பெண். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். நம் பக்கத்து ஜனம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது புனே. காலனியிலிருந்து டாக்டருக்குப் படித்து வந்த முதல் பெண் அதுதான் என்று வார்டு பாய் சொன்னார். முதல் நாள் என் அறை வாசலில் வந்து நின்றது.

"மாவ்ஷி, நீங்க தமிழா?"

"ஆமாம்மா."

"நானும்தான். படிக்க வராது. பேச மட்டும் தோடா தோடா வரும்."

"அதான் பேசறியே."

"அம்மா கேட்டா சிரிப்பாங்க. என் தமிழ் ரயில்ல டிக்கெட் இல்லாம வந்த தமிழாம்."

நான் சிரித்துவிட்டேன். வந்தவர்களிடம் அவ்வளவு சீக்கிரம் நான் சிரிப்பதில்லை.

நர்சுகள் குறைவு. அதனால் தியேட்டரில் மாப் கணக்கைப் பழக வந்த இந்த இன்டர்ன்களிடம் கொடுத்திருந்தார்கள். டிரம்மிலிருந்து ஒரு கட்டு எடுத்தால் சுவரில் இருக்கிற கரும்பலகையில் ஐந்து என்று எழுத வேண்டும். கடைசியில் பக்கெட்டில் விழுந்ததை எண்ணிப் பார்த்துச் சரியாக இருந்தால்தான் வயிற்றை மூடுவார்கள். கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணித்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். நான் கட்டுவது எப்போதும் ஐந்துதான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அவிழ்த்து எண்ணுகிற வழக்கம் மெல்ல நின்றுபோயிருந்தது. அந்த நம்பிக்கையை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி என் தப்பு. எங்கள் வீட்டில் நெல்லோ அரிசியோ அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள். முதல் படிக்கு லாபம். அப்புறம் ரெண்டு, மூணு. லாபம் என்று சொன்ன பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது, திரும்ப முதலிலிருந்தும் எண்ணக் கூடாது. வந்ததைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகுமாம். தப்பித்தவறி செய்தால் அம்மா தலையில் குட்டுவாள். அந்தப் பழக்கம் எனக்குக் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பையும் லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக் கட்டுவேன்.

ஒரு ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு கட்டுக்கு லாபம் என்று சொல்லி மாப்பைக் கையில் எடுத்தேன். நாடா பிய்ந்திருந்தது. நாடா இல்லாத மாப்பை உள்ளே அனுப்பக் கூடாது. லாபம் சொல்லியாகிவிட்டது, திரும்பச் சொல்ல மனசில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று மற்றதை அடுக்கினேன். தைத்துவிட்டு அதையும் சொருகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் டிரம் வேண்டும் என்று ஆள் வந்து நின்றது. கட்டைப் போட்டு மூடிக் கொடுத்துவிட்டேன். தைக்க எடுத்த மாப் ஊசியோடு என் கூடையிலேயே கிடந்தது. மறந்தே போனேன்.

மறுநாள் காலையில் கர்ப்பப்பையில் கட்டி என்று தளேகாவ் பக்கத்து அம்மாள் ஒருத்திக்கு ஆபரேஷன். அவள் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில், அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இந்தப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். தியேட்டரில் எப்போதும் ஒரு சத்தம் இருக்கும். கத்தரி தட்டில் விழுகிற சத்தம், பெரிய டாக்டர் ஏதாவது கேலி பேசுகிற சத்தம். திடீரென்று ஒன்றுமில்லை. பிறகு சிஸ்டர் எண்ணுகிற குரல். சிஸ்டர் கோவாக்காரி. எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினாள்.

"பத்தொன்பது," என்றாள்.

பெரிய டாக்டர் கேட்டார். எல்லாம் மராத்தியில்தான். "போர்டுல எவ்வளவு?"

"இருபது சார்." அந்தப் பெண்ணின் குரல்.

"அப்ப இன்னொண்ணு எங்கே? என் சட்டைப் பையிலயா?"

சிஸ்டர் பக்கெட்டை மறுபடி கிளறுகிற சத்தம் கேட்டது.

"கட்டை அவிழ்த்து எண்ணினியா?"

"இல்ல சார்," என்றது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "கையுறையைக் கழட்டிட்டு அந்த மூலையில போய் நில்லு. உள்ளே தேடணும். இந்தம்மாவுக்கு மயக்க மருந்து எவ்வளவு நேரம் தாங்குமோ, நீயே பாத்துக்கிட்டு நில்லு," என்றார்.

எனக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை. அலசின துணியைப் பிழிந்து போட்டுவிட்டுக் கையைத் துடைக்கக் கூடைப் பக்கம் திரும்பினேன். ஊசி பளபளவென்று தெரிந்தது.

இதை எழுதும்போதாவது உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு குடம் நிரம்புகிற நேரம் நான் சும்மா நின்றேன். அழுக்குத் துணியோடு போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. தேடுவார்கள், கிடைக்காது, மூடிவிடுவார்கள். என் வேலை போகாது. அந்த அம்மாளுக்கும் ஒன்றும் ஆகாது, உள்ளேதான் எதுவும் இல்லையே. இப்படியெல்லாம் மனசு ஓடியது. ஆனால் அந்தப் பெண் ஒரு மனுஷியின் வயிற்றில் துணியை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே ஆயுசு முழுக்க இருக்கும். அது என்னால் ஆனது.

தியேட்டர் கதவைத் தட்டினேன். சிஸ்டர் ஒரு இடுக்கு திறந்து, "அத்தா நக்கோ மாவ்ஷி," இப்ப வேண்டாம், என்றாள். நான் காலை வைத்துக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் மராத்தி ஒரு வார்த்தை வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"அது உள்ள இல்லம்மா. எங்கிட்ட இருக்குது. நான் நாலுதான் கட்டினேன்."

பெரிய டாக்டர் கையை உள்ளே வைத்தபடியே தலையை நிமிர்த்தினார். "என்ன சொல்றா?" சிஸ்டருக்குத் தெரியவில்லை. அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் மூலையில் நிற்கிற பெண்தான்.

"உங்க பாஷைதானே? என்னன்னு சொல்லு," என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பு செய்ததாக நிற்பவளே தன்னைக் காப்பாற்றுகிற பேச்சைத் தன் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள். ஒரே ஊர்க்காரிகள் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்திருந்தது. என் கையில் இருந்த மாப்பைப் பார்த்தது, அவரைப் பார்த்தது.

"ஒரு மாப் வெளியவே நின்னுபோச்சுன்னு சொல்றாங்க சார். ஆனா நான் சொல்றேன்னு நீங்க நம்ப வேண்டாம். மொத்தம் அறுபது மாப்னு ரெஜிஸ்டர்ல இருக்கு. சிஸ்டர் எல்லாத்தையும் எண்ணட்டும். அதுவரைக்கும் தேடறதை நிறுத்த வேண்டாம்."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "மத்த டிரம்மைத் திறந்தா எல்லாத்தையும் மறுபடி வேகவைக்கணும், நாளைக்கு ஆபரேஷன் கிடையாது."

"ஆமா சார்."

"திற," என்றார் சிஸ்டரிடம். கையை எடுக்கவில்லை, தேடிக்கொண்டுதான் இருந்தார்.

என் அறையில் இரண்டு டிரம்மையும் கொட்டினோம். நான் எண்ணக் கை நீட்டினேன். சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டாள். "நீ தொடாதே, நான் எண்ணறேன், நீ பாரு." ஏக், தோன், தீன், ஒண்ணு, ரெண்டு, மூணு, என்று ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து உதறி எண்ணினாள். அந்த எட்டுக் கட்டில் இன்னொன்று தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது. நாற்பதாவது மாப் வந்து டிரம் காலியானதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நாற்பதும், பக்கெட்டில் பத்தொன்பதும், என் கையில் ஊசியோடு ஒன்றும். அறுபது.

ஜன்னல் பலகை வழியாக சிஸ்டர் சொன்னாள். உள்ளே யாரோ பெரிதாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பெரிய டாக்டர், "தையல் கொடு," என்றார்.

எல்லாம் முடிந்து அவர் கை கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். எப்படி ஆச்சு என்று கேட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே லாபக் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே மராத்தியில் மாற்றிச் சொன்னது. அவர் கேட்டுவிட்டு என் கையிலிருந்த மாப்பிலிருந்து ஊசியை உருவி என்னிடமே கொடுத்தார்.

"எங்க அம்மாவும் லாப்னுதான் அளப்பா. தானியத்துக்கு அது சரி. வயித்துக்கு ஏக்."

பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "நீ முடிச்சை எண்ணியிருக்கே, மாப்பை எண்ணல." அவ்வளவுதான் சொன்னார். வெளியே பெஞ்சில் இருந்த மனிதரிடம் போய், "உங்க வீட்டம்மா சரியா இருக்காங்க," என்றார். அவர் உடனே செருப்பைத் தரையில் ஜோடியாக வைத்தார், அவள் இப்போதே எழுந்து நடந்து வருவாள் என்கிற மாதிரி.

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. உடம்பு சரியில்லை என்று சீட்டு வந்ததாக சிஸ்டர் சொன்னாள். சனிக்கிழமை பெரிய டாக்டர் என் அறைக்கே வந்துவிட்டார். ஒளிந்துகொள்ள அங்கே தூண் இல்லை.

"உங்க ஊர்ப் பொண்ணு எங்கே?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"படிப்பே வேண்டாம்னு உக்காந்திருக்கும். வருஷத்துக்கு ஒண்ணு இப்படி ஆகும். நான் போய்க் கூப்பிட்டா பயந்து வேற ஊருக்கே போயிடும். நீ போ. அன்னைக்கு என்னை நம்ப வேண்டாம், எண்ணுங்கன்னு சொல்லிச்சே, அதுக்காகத்தான் கூப்பிடறேன்னு சொல்லு." வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "சொல்லுவியா, இல்ல அங்கேயும் தூணைத் தேடுவியா?" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோர்படிக்குப் போனேன். திறந்த டிரம்முக்கெல்லாம் சேர்த்து வேலை பிந்திப்போயிருந்ததால், தைக்க வேண்டிய புதுத் துணியை ஒரு பையில் எடுத்துக்கொண்டேன். கையில் ஏதாவது இருந்தால் எனக்குத் தைரியம். அந்தப் பெண்ணின் அம்மாதான் கதவைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரியா? வாங்கக்கா. நீங்களாச்சும் சொல்லுங்க. நாலு நாளா சரியா சாப்பிடல. பேங்கு பரிட்சை எழுதப் போறாளாம். இவ அப்பா ஓவர்டைம் பாத்துப் பாத்துப் படிக்க வெச்சது பேங்குல நோட்டு எண்ணறதுக்கா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்கேயும் எண்ணறதுதானா அம்மா? அப்ப அதுவும் வேண்டாம்."

"பாத்தீங்களா, வாயி மட்டும் குறையல."

அந்தப் பெண் வந்து என்னைப் பார்த்து நின்றது. கண் உள்ளே போயிருந்தது. எனக்கு டாக்டர் சொல்லி அனுப்பியதெல்லாம் மறந்துவிட்டது. என்ன பேசுவது. அவள் அம்மா டீ போடப் போனாள். நான் கீழே உட்கார்ந்து பையைத் திறந்து தைக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அதுவும் எதிரே உட்கார்ந்து தைத்ததை எடுத்து மடிக்க ஆரம்பித்தது. மடிப்பு கோணலாக இருந்தது.

"நாடா வெளிய வரணும்மா. உள்ள போச்சுன்னா தேடணும்."

"இப்படியா மாவ்ஷி?"

"அதை வெச்சுத் தலைக்கு முண்டாசுதான் கட்டலாம்."

அது சிரிக்கவில்லை. மடித்துக்கொண்டே சொன்னது. "உள்ளே இல்ல, சரி. இருந்திருந்தா? நான் எண்ணவே இல்லையே. அது லக்குதானே?"

"நானும்தான் நாலு கட்டினேன். என்னை யாரும் போகச் சொல்லல."

"நீங்க வந்து சொன்னீங்க."

"உடனே வரல," என்றேன். அந்தக் குடம் நிரம்புகிற நேரத்தைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு அந்தப் பெண் ஐந்து என்று சொல்லி மாப்பை அடுக்கிக் கட்டி என் பக்கம் தள்ளியது. நான் அவிழ்த்து எண்ணினேன். ஆறு இருந்தது.

"டாக்டரம்மா, இது ஆறு."

அப்போதுதான் சிரித்தது. நன்றாகவே சிரித்தது, அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. நான் புறப்பட்டுத் தெரு முனை வரை போன பிறகுதான் பெரிய டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பப் போய் வாசலில் நின்றபடியே ஒப்பித்தேன். "என்னை நம்ப வேண்டாம், எண்ணுங்கன்னு சொன்னியாமே, அதுக்காகத்தான் கூப்பிடறாராம்."

திங்கட்கிழமை காலையில் நான் அறையைத் திறக்கும்போது அது படியில் உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த ஆறுதலை எப்படி எழுதுவது. பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, "வந்துட்டியா? பதினைந்து நாள் இங்கே மாவ்ஷியோட மடிச்சுக் கட்டிட்டு வா. பிறகு தியேட்டர்," என்றார். என்னைப் பார்த்து, "ஏக்," என்று ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

அதிலிருந்து புதிதாக வருகிற சின்ன டாக்டர்கள் எல்லோரும் முதல் வாரம் என் அறையில் உட்கார்ந்து மாப் கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. மடிப்பதைப் பார்த்துச் செய்வார்கள், அவ்வளவுதான். பேச்சு மட்டும் அவர்களே பேசிக்கொள்வார்கள். பயந்ததை, அழுததை, வார்டில் யாரோ திட்டியதை எல்லாம் என் முன்னால் கொட்டுவார்கள். நான் பேசமாட்டேன் என்பதால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். ஒரு மராத்திப் பையன் மயங்கி விழுந்ததைப் பற்றித் தானே கதை கட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சில வருஷம் கழித்து எனக்கே கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. எண்பதுகளில். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். ரயில்வே காலனிப் பெண் மேல்படிப்பு முடித்து அதே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. அதுதான் செய்தது. முதுகில் ஊசி போட்டார்கள், அதனால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதே தவிர எனக்கு நினைவு இருந்தது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, காது மட்டும்தான்.

புதிதாக வந்த ஒரு பெண் கட்டை அவிழ்த்தது. ஏக், தோன், தீன், ச்சார், பாச். அடுத்த கட்டை அவிழ்த்தது. அந்தக் கட்டுகளை நான்தான் போன வாரம் கட்டினேன். இருந்தும் என் மனசு ஒவ்வொரு எண்ணிக்கையோடும் கூடவே போனது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பக்கெட்டில் எண்ணுகிற சத்தம். அந்தப் புதுப் பெண் அவசரமாக எண்ணி முடித்தது.

"ஒரு தரம் போதாது," என்றது எங்கள் டாக்டரம்மா. "யாரையும் நம்ப வேண்டாம், திரும்ப எண்ணு."

திரும்ப எண்ணினாள். நானும் உதட்டுக்குள்ளேயே எண்ணினேன். பிறகு பச்சைத் துணிக்கு மேலே ஒரு முகம் வந்தது. அதே டிக்கெட் இல்லாத தமிழ்தான்.

"மாவ்ஷி, இருபதும் வந்துடுச்சு. மூடப் போறேன், டீக் ஹே?"

"மூடும்மா," என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன்.